ஆளுநராக மறுத்ததை நீதிபதியாகக் கொடுத்தவர்: ஏர்ல் வாரன்



போன பொதுக்குழுவுக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் ஓடியது ஒரே விஷயம்தான்: செயற்குழுவில் எந்த பிளாக்குக்கு எத்தனை இடம்? இப்போதைய துணைவிதிப்படி ஏ, பி, சி மூன்று பிளாக்குக்கும் தலா இரண்டு இடம். ஏ பிளாக்கில் 24 வீடுகள், பி பிளாக்கில் 96. பி பிளாக் நண்பர் ஒருவர் எழுந்து, எங்கள் நான்கு வீடு சேர்ந்தால்தான் உங்கள் ஒரு வீட்டுக்குச் சமமா என்று கேட்டார். ஏ பிளாக்கில் குடியிருக்கும் நான், ஒவ்வொரு பிளாக்கும் ஒரு தனிக் குடும்பம் மாதிரி, சின்னதானாலும் பெரியதானாலும் சம மரியாதை வேண்டும் என்று பதில் சொன்னேன். நாலைந்து பேர் கைதட்டவும் செய்தார்கள். முடிவு எதுவும் எடுக்காமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான், நான் பேசியதை எங்கோ படித்திருக்கிறேனே என்று உறைத்தது. 1948இல் கலிபோர்னியா மாநில ஆளுநர் ஒருவர் ஏறக்குறைய இதையே பேசியிருக்கிறார். பதினாறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் தலைமை நீதிபதியாக இருந்தபோது, அந்த வாதம் செல்லாது என்று தீர்ப்பு எழுதியவரும் அவரேதான். பெயர் ஏர்ல் வாரன். இந்த இதழின் வாழ்க்கைக் கதைக்கு அவரையே எடுத்துக்கொண்டேன். என் பிளாக்குக்கு இது பிடிக்காமல் போகலாம்.

வாரன் 1891 மார்ச் 19 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். அப்பா நார்வேயிலிருந்து வந்தவர், அம்மா சுவீடனில் பிறந்தவர். அப்பாவுக்கு சதர்ன் பசிபிக் ரயில்வேயில் வேலை. 1894இல் நடந்த பெரிய ரயில்வே வேலைநிறுத்தத்தில் சேர்ந்ததால் வேலை போனது. பிறகு பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் அதே ரயில்வேயின் பணிமனையில் மறுபடி சேர்ந்தார். மகன் பள்ளி விடுமுறையில் ரயில்வேக்கே வேலைக்குப் போனான். நேரம் கெட்ட நேரத்தில் ரயில் கிளம்ப வேண்டியிருந்தால், ஊழியர்களைத் தேடிப்பிடித்துக் கூட்டிவரும் பையன் வேலை. விடுதியிலும் சீட்டாட்டக் கிளப்பிலும் அவர்களைத் தேட வேண்டியிருக்கும். உழைத்துக் களைத்தவர்களை முதன்முதலில் அங்கேதான் நெருக்கத்தில் பார்த்தார்.

பெர்க்லியில் சட்டம் படித்தார். முதல் உலகப்போரின்போது ராணுவத்தில் சேர்ந்தார். போர்முனைக்குப் போக வேண்டிவரவில்லை. 1925இல் ஓக்லண்டு நகரம் அடங்கிய அலமீடா கவுன்டியின் அரசு வழக்கறிஞர் ஆனார். கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. அதே ஆண்டு நீனா என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். அவர் கணவரை இழந்தவர். ஒரு மகன் இருந்தான். அவனோடு சேர்த்து வீட்டில் ஆறு பிள்ளைகள். பிற்காலத் தேர்தல்களில் அந்தப் பெரிய குடும்பத்தின் புகைப்படம் வாரனுக்கு வாங்கிக்கொடுத்த ஓட்டு கொஞ்சமல்ல.

இங்கே கலிபோர்னியாவில் அப்போது இருந்த ஒரு வினோதமான தேர்தல் விதியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தலைமை அறிவிப்பதில்லை. அந்தக் கட்சியின் வாக்காளர்களே முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1913இல் வந்த சட்டப்படி, ஒரே ஆள் எல்லாக் கட்சிகளின் முதற்கட்டத் தேர்தலிலும் மனு போடலாம். ரிபப்ளிகன் கட்சிக்காரர் டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளராகவும் நிற்கலாம். அதைவிட வேடிக்கை, முதற்கட்ட வாக்குச்சீட்டில் வேட்பாளரின் சொந்தக் கட்சி எது என்று அச்சிடவும் மாட்டார்கள். கட்சித் தலைவர்களின் பிடியை உடைக்கத்தான் இதைக் கொண்டுவந்தார்கள். நடைமுறையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்கெனவே பதவியில் இருப்பவர், பெயர் தெரிந்தவர், இரண்டு பக்கமும் ஜெயித்துவிடுவார். நவம்பரில் நடக்கும் உண்மையான தேர்தல் வெறும் சடங்காகிவிடும்.

இந்த விதியால் மிக அதிகம் பலன் பெற்றவர்களில் வாரனும் ஒருவர். 1938இல் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்றபோது ரிபப்ளிகன், டெமாக்ரடிக், புரொக்ரசிவ் என்று மூன்று கட்சிகளின் வேட்பாளராகவும் ஜெயித்தார். அந்தப் பிரசாரத்தின் நடுவே, மே மாதத்தில், பேக்கர்ஸ்ஃபீல்டு வீட்டில் அவருடைய அப்பாவை யாரோ அடித்துக் கொன்றார்கள். வயதான காலத்தில் தனியாக இருந்து, சின்னச் சின்ன வீடுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர். மாநிலத்தின் சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பேற்கப் போகிற மகனாலும் கொலையாளியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை அந்த வழக்கு துலங்கவில்லை.

1942 அவர் வாழ்க்கையில் ஒரு கறுப்பு ஆண்டு. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினரை வீடு வாசலிலிருந்து கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அட்டர்னி ஜெனரலாக இருந்த வாரன் அதை உரத்த குரலில் ஆதரித்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆளுநராகவும் ஜெயித்தார். அமெரிக்க மாநில ஆளுநர் நம் ஆளுநர் மாதிரி நியமிக்கப்படுபவர் அல்ல. மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும், நம் முதலமைச்சருக்கு இணையான பதவி.

ஆளுநராக நன்றாகவே நடந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். சாலைகள், பல்கலைக்கழகங்கள், சிறைச் சீர்திருத்தம் என்று செய்தார். கட்டாய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவரப் பார்த்து, மருத்துவர் சங்கத்திடம் தோற்றார். 1946இல் அந்தப் பழைய விதி மறுபடி கைகொடுத்தது. டெமாக்ரடிக் கட்சியின் முதற்கட்டத் தேர்தலில், அந்தக் கட்சியின் சொந்த வேட்பாளரையே தோற்கடித்தார். இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளராகவும் நின்றதால் பொதுத்தேர்தலில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஓட்டு. 1950இல் மூன்றாவது முறையும் வென்றார். கலிபோர்னியாவில் தொடர்ந்து மூன்று முறை ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறு யாரும் இல்லை. கட்சி மாறி மனுப்போடும் அந்த விதி 1959இல்தான் ஒழிந்தது. அப்போது வாரன் வாஷிங்டனில் இருந்தார்.

இனி 1948க்கு வருகிறேன்.

கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள். மேலவையான செனட்டில் 40 இடங்கள். 1926இல் மக்கள் ஓட்டெடுப்பில் நிறைவேறிய ஒரு திருத்தப்படி, எந்தக் கவுன்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கிடையாது. சின்னக் கவுன்டிகளை இரண்டாகவோ மூன்றாகவோ சேர்த்து ஒரு செனட்டர் கொடுக்கலாம், அவ்வளவுதான். விளைவைப் பாருங்கள். 1960 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டியில் 60 லட்சம் பேர், ஒரு செனட்டர். மலைப்பக்கத்து ஆல்பைன், இன்யோ, மோனோ மூன்று கவுன்டிகளிலும் சேர்த்துச் சுமார் 14 ஆயிரம் பேர். அவர்களுக்கும் ஒரு செனட்டர். மலையில் இருக்கும் ஒருவரின் ஓட்டு நகரத்தில் இருக்கும் நானூறு பேரின் ஓட்டுக்கும் மேல் எடை போட்டது.

1948இல் இதை மாற்றி, செனட் இடங்களை மக்கள்தொகைப்படி பிரிக்கலாம் என்று ஒரு யோசனை மக்கள் ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆளுநர் வாரன் எதிர்த்துப் பேசினார். விவசாயக் கவுன்டிகளில் ஆட்கள் குறைவாக இருந்தாலும் மாநிலத்தின் வாழ்வில் அவற்றின் பங்கு பெரிது, அவற்றின் குரலைத் தலை எண்ணிக்கையால் மட்டும் அளக்கக் கூடாது என்பது அவர் வாதம். இப்போது இருக்கும் ஏற்பாட்டில் மாநிலம் நன்றாகத்தானே வளர்ந்திருக்கிறது என்றும் கேட்டார். யோசனை படுதோல்வி அடைந்தது.

(நான் பொதுக்குழுவில் பேசியதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வார்த்தைதான் வேறு. ஏ பிளாக்தான் முதலில் கட்டியது, சங்கத்தை ஆரம்பித்ததே நாங்கள்தான் என்று நான் சேர்த்துச் சொன்னது மட்டும் வாரனிடம் இல்லை.)

அதே ஆண்டு ரிபப்ளிகன் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்றார். வாழ்நாளில் அவர் தோற்ற ஒரே பொதுத்தேர்தல் அது. 1953 செப்டம்பரில் தலைமை நீதிபதி பிரெட் வின்சன் திடீரென்று இறந்துபோக, ஜனாதிபதி ஐசனோவர் அந்த இடத்துக்கு வாரனை நியமித்தார். அதுவரை ஒரு நாள்கூட நீதிபதியாக உட்கார்ந்திராதவர் நேராக நாட்டின் உச்ச நீதிமன்றத் தலைமைக்குப் போனார். அடுத்த மே மாதமே, கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்ற முறை அரசியலமைப்புக்கு விரோதமானது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளையும் ஒரே குரலில் கையெழுத்துப் போட வைத்தது, ஆளுநராக இருந்து பழகிய அந்தச் சாமர்த்தியம்தான். அந்தத் தீர்ப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் தன் பதவிக்காலத்தில் மிக முக்கியமானது எது என்று கேட்டபோதெல்லாம் வாரன் அதைச் சொல்லவில்லை. தொகுதி வழக்குகளைத்தான் சொன்னார்.

முதலாவது, டென்னசி மாநிலத்திலிருந்து வந்த பேக்கர் வழக்கு. பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைப்படி தொகுதிகளைத் திருத்த வேண்டும் என்று அந்த மாநில அரசியலமைப்பே சொல்கிறது. 1901க்குப் பிறகு யாரும் திருத்தவில்லை. இடையில் அறுபது ஆண்டுகள். கிராமத்து ஜனம் நகரத்துக்குப் போய்விட்டது, தொகுதிகள் அங்கேயே நின்றன. திருத்தச் சட்டம் கொண்டுவர வேண்டியது சட்டமன்றம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களோ பழைய தொகுதிகளால் ஜெயித்தவர்கள். தன் நாற்காலியைத் தானே யார் அறுப்பார்கள்? கலிபோர்னியாவில் இருந்ததுபோல் மக்கள் தாங்களே ஒரு யோசனையை ஓட்டுக்குக் கொண்டுவரும் வழியும் டென்னசியில் கிடையாது. மெம்ஃபிஸ் நகரம் அடங்கிய கவுன்டியைச் சேர்ந்த சார்ல்ஸ் பேக்கரும் மற்றவர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

அங்கேயும் ஒரு சுவர் இருந்தது. 1946இல் இலினாய் வழக்கு ஒன்றில், தொகுதி பிரிப்பது அரசியல், அந்த முட்புதருக்குள் நீதிமன்றம் கால் வைக்கக் கூடாது என்று நீதிபதி பெலிக்ஸ் பிராங்ஃபர்ட்டர் எழுதியிருந்தார். பேக்கர் வழக்கு வந்தபோதும் அவர் பதவியில் இருந்தார், அதே கருத்தில் உறுதியாக இருந்தார். நீதிபதிகள் பிளவுபட்டு நின்றதால் வழக்கை இரண்டு முறை வாதாட வைத்தார்கள். நீதிபதி சார்ல்ஸ் விட்டக்கர் இந்த இழுபறியில் மனம் உடைந்து, உடல்நலம் கெட்டு, தீர்ப்பில் பங்கேற்காமலே பதவியை விட்டார். நீதிபதி டாம் கிளார்க் மறுப்புத் தீர்ப்பு எழுத உட்கார்ந்தார். டென்னசி மக்களுக்கு நீதிமன்றத்தை விட்டால் வேறு என்ன வழி இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தேடினார். ஒரு வழியும் கிடைக்கவில்லை. பேனாவைத் திருப்பிக்கொண்டு பெரும்பான்மைப் பக்கம் வந்துவிட்டார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எதிர்த்து எழுதப் போனவரை அவருடைய தேடலே மாற்றிவிட்டது.

1962 மார்ச் 26 அன்று, 6க்கு 2 என்ற கணக்கில், இப்படிப்பட்ட வழக்கை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று தீர்ப்பானது. எழுதியவர் நீதிபதி பிரென்னன். கதவுதான் திறந்தது, உள்ளே அளவுகோல் என்ன என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அளவுகோலை எழுதும் வேலையை வாரன் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

1964 ஜூன் 15. அலபாமா மாநிலத்தின் ரெனால்ட்ஸ் வழக்கு. அங்கே தொகுதிகள் 1900 கணக்கெடுப்பின்படி இருந்தன. பர்மிங்காம் நகரம் இருக்கும் ஜெபர்சன் கவுன்டியில் 6 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு ஒரு செனட்டர். லவுண்ட்ஸ் கவுன்டியில் 15,417 பேருக்கும் ஒரு செனட்டர். ஒன்றுக்கு நாற்பத்தொன்று. மாநில மக்கள்தொகையில் கால் பங்கினர் நினைத்தால் செனட்டில் பெரும்பான்மையைப் பிடித்துவிடலாம். கீழவையிலும் நிலைமை ஏறக்குறைய அதேதான்.

வாரன் எழுதியதன் சாரம் எளிமையானது. ஓட்டுப்போடுவது மனிதர்கள். நிலப்பரப்பு, விளைச்சல், பொருளாதார பலம் இவையெல்லாம் ஓட்டுப்போடுவதில்லை, அதனால் அவற்றை எண்ணவும் கூடாது. ஒருவர் இந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதற்காக அவருடைய ஓட்டை அரை ஓட்டாக்குவதும், அவரை வாக்குச்சாவடியிலிருந்து பாதி துரத்துவதும் ஒன்றுதான். ஆகவே மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் தொகுதிகள் மக்கள்தொகையில் முடிந்தவரை சமமாக இருக்க வேண்டும்.

அமெரிக்க செனட்டிலேயே பெரிய மாநிலத்துக்கும் சின்ன மாநிலத்துக்கும் தலா இரண்டு இடம்தானே, அதை ஒழிக்க முடியுமா என்ற கேள்வி வரத்தான் செய்தது. கலிபோர்னியாவின் 1926 ஏற்பாடே அதைப் பார்த்துச் செய்ததுதான். வாரன் இதற்குச் சொன்ன பதில் நம் விவாதத்துக்கும் நெருக்கமானது. மாநிலங்கள் ஒரு காலத்தில் தனித்தனி அரசுகளாக இருந்து, பேச்சுவார்த்தை நடத்தி, ஒன்றாகச் சேர்ந்தவை. செனட் ஏற்பாடு அந்த உடன்பாட்டின் விலை. கவுன்டிகள் அப்படியல்ல. நிர்வாக வசதிக்காக மாநிலம் போட்ட கோடுகள் அவை. கோடுகளுக்கு உரிமை கிடையாது. நம் பிளாக்குகளும் தனித்தனி நாடுகளாக இருந்து ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவை அல்ல என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பில்டர் லிஃப்ட் எங்கே வைப்பது என்று பார்த்துப் பிரித்தவை.

அன்று ஒரே நாளில் ஆறு மாநிலங்களின் தொகுதி ஏற்பாடுகள் விழுந்தன. அலபாமாவில் 8க்கு 1. நீதிபதி ஹார்லன் மட்டும் எதிர்த்தார். அரசியலமைப்பு இந்த அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கவே இல்லை என்பது அவர் நிலை. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது கொலராடோ. அங்கே சோம்பேறிச் சட்டமன்றம் எதுவும் இல்லை. 1962இல்தான் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். செனட்டில் சமமில்லாத தொகுதிகள் இருக்கட்டும் என்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஓட்டுப்போட்டார்கள். ஒவ்வொரு கவுன்டியிலும் அதற்கே பெரும்பான்மை. ஓட்டு எடை குறையப்போகிற நகரக் கவுன்டிகளிலும்கூட. பாதிக்கப்படுபவர்களே சம்மதித்த பிறகு நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

வாரன் அதையும் ரத்து செய்தார். ஒரு தனிமனிதரின் ஓட்டு எடை அவருடைய சொந்த உரிமை, பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரும்பான்மையாகச் சேர்ந்து அதை விட்டுக்கொடுக்க முடியாது என்றார். இதில் மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை. அவர்களில் பேக்கர் வழக்கில் மனம் மாறிய அதே டாம் கிளார்க்கும் ஒருவர். எனக்கும் இது முழுதாக ஒப்பவில்லை. ஊர் கூடி எடுத்த முடிவுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? ஆனால் இன்னொரு பக்கம், பொதுக்குழுவுக்கு வராத, வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரரின் ஓட்டை வந்தவர்கள் கூடிக் குறைத்தால் சரியா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை.

எதிர்ப்பு சாதாரணமாக இல்லை. வாரனைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லி ஜான் பர்ச் சொசைட்டி என்ற அமைப்பு ஏற்கெனவே நெடுஞ்சாலைகளில் பெரிய பலகைகள் வைத்திருந்தது. இப்போது செனட்டர் எவரெட் டர்க்சன் அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்தார். 1965இலும் 1966இலும் செனட்டில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. மாநிலங்கள் வழியாகச் செய்யப் பார்த்த முயற்சியும் ஓரிரு மாநிலக் குறைவில் நின்றுபோனது. அதற்குள் புதிய தொகுதிகளில் புதியவர்கள் ஜெயித்து வந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் கோடுகளைத் திருத்தி வரைந்துவிட்டன. கலிபோர்னியா உட்படத்தான். 1966 தேர்தலில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு செனட்டருக்குப் பதிலாகப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் கிடைத்தார்கள்.

புதிய தொகுதிகள் புதிய வேட்பாளர்களைக் கொண்டுவந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் தொகுதிகளைத் திருத்திய பிறகு, 1965இல் அட்லாண்டாவில் ஜூலியன் பாண்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வியட்நாம் போரை எதிர்த்த ஓர் அறிக்கையை அவர் ஆதரித்தார் என்பதற்காக, 184க்கு 12 ஓட்டில் அவரை உள்ளே விட மறுத்தார்கள். இடைத்தேர்தல் வைத்தால் மீண்டும் அவரே ஜெயித்தார். மீண்டும் மறுத்தார்கள். 1966 டிசம்பரில் வாரன் எழுதிய, ஒருமனதான தீர்ப்பு அவரை உள்ளே அனுப்பியது. ஓட்டுக்குச் சம எடை கொடுத்துவிட்டு, ஓட்டு வாங்கியவரை வாசலில் நிறுத்துவதில் அர்த்தமில்லை அல்லவா?

ஆனால் வேட்பாளர் விஷயத்தில் வாரன் எப்போதும் கதவைத் திறந்துவிட்டவர் என்று சொல்ல முடியாது. 1968இல் ஒஹையோ மாநிலச் சட்டப்படி, புதிய கட்சி ஒன்று வாக்குச்சீட்டில் இடம்பெற, கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான ஓட்டில் 15 சதவீத அளவுக்குக் கையெழுத்து வேண்டும். அதுவும் பிப்ரவரி தொடக்கத்துக்குள். ஜார்ஜ் வாலஸின் கட்சி நாலரை லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்த்தது; கெடு தாண்டிவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்து, வாலஸ் பெயரைச் சேர்க்கச் சொன்னது. வாரன் உடன்படவில்லை. தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது அவசர அவசரமாக இவ்வளவு பெரிய கேள்வியை முடிவு செய்யக் கூடாது என்றார். ஒருகாலத்தில் மூன்று கட்சிகளின் சீட்டில் ஒரே நேரத்தில் ஏறியவர் அவர். நாற்பது லட்சம் ஓட்டு விழும் மாநிலத்தில் ஒரு புதிய கட்சி ஒரு சீட்டில் ஏறப் படும் பாட்டை அவர் இன்னும் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அதே ஆண்டு ஏப்ரலில் வந்த இன்னொரு தீர்ப்பு நம்மைப் போன்றவர்களுக்கு நெருக்கமானது. டெக்சாஸில் மிட்லண்டு கவுன்டி. அதை நிர்வகிக்கும் குழுவுக்கு நான்கு தொகுதிகள். நகரம் முழுவதும் ஒரு தொகுதி: 67,906 பேர். கிராமப்புறத்தில் மற்ற மூன்று: 852, 414, 828 பேர். சாலை போடுவது, வரி போடுவது எல்லாம் இந்தக் குழுதான். சட்டமன்றத்துக்குச் சொன்ன விதி உள்ளூர் நிர்வாகத்துக்கும் பொருந்தும் என்று, வாரனும் சேர்ந்த பெரும்பான்மை சொல்லிவிட்டது. நகரத்தில் ஒருவர், 414 பேர் தொகுதியில் ஒருவர் என்று வகுத்துப் பாருங்கள். நம் ஏ பிளாக், பி பிளாக் கணக்கு எவ்வளவோ தேவலை.

சதுரஅடிப்படி ஓட்டு வேண்டும் என்று சி பிளாக்கில் சிலர் சொல்வதும் எனக்குத் தெரியும். பெரிய வீட்டுக்காரர் அதிக மெயின்டனன்ஸ் கட்டுகிறாரே என்பது அவர்கள் வாதம். அதற்கும் ஒரு வழக்கு உண்டு. வாரன் வளர்ந்த பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு வடக்கே டுலாரி ஏரிப் படுகையில், பாசன நீரைத் தேக்கும் ஒரு வாரியம். அதில் நில மதிப்புப்படிதான் ஓட்டு. ஒரே பெரிய விவசாய நிறுவனத்தின் கையில் பாதிக்கும் மேற்பட்ட ஓட்டு இருந்தது. இது குறிப்பிட்ட ஒரு வேலைக்கான அமைப்பு, செலவும் நிலத்தின்மேல்தான் விழுகிறது, ஆகவே செல்லும் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாரன் ஓய்வுபெற்று அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அபார்ட்மென்ட் சங்கம் ஊராட்சி மாதிரியா, தண்ணீர் வாரியம் மாதிரியா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தீர்ப்புகளை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் தொகுதி எல்லைகளை வரையறுக்கும் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அரசியலமைப்பின் 329ஆவது பிரிவே தடை போட்டிருக்கிறது. அமெரிக்காவிலும் எண்ணிக்கை சமமானதோடு சண்டை முடிந்துவிடவில்லை. தொகுதிகளை எண்ணிக்கையில் சமமாக வைத்துக்கொண்டே, ஒரு கட்சிக்குச் சாதகமாகக் கோட்டை வளைத்து நெளித்து வரையலாம். அந்தக் கலைக்கு 1812ஆம் ஆண்டிலிருந்தே பெயர் உண்டு: மாசசூசட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரியின் பெயரால் ஜெரிமாண்டர். கட்சி ஆதாயத்துக்காகக் கோடு வளைப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று 2019இல் அதே உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

வாரனின் கடைசிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்னடி கொலையை விசாரித்த குழுவுக்குத் தலைமை ஏற்க அவருக்கு விருப்பமில்லை. ஜனாதிபதி ஜான்சன் விடவில்லை. ரெனால்ட்ஸ் தீர்ப்பை எழுதிய அதே மாதங்களில்தான் அந்த விசாரணையும் நடந்தது. 1969 ஜூனில் ஓய்வுபெற்றார். 1974 ஜூலை 9 அன்று வாஷிங்டன் மருத்துவமனையில் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஓய்வுக்காலத்தில் எழுதிக்கொண்டிருந்த நினைவுக் குறிப்புகள் 1977இல் புத்தகமாக வந்தன. அதில் இரண்டு தவறுகளை ஒப்புக்கொள்கிறார். ஒன்று, 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றச் சொன்னது. குழந்தைகளையும் வீட்டிலிருந்து பிரித்ததை நினைத்தால் மனம் கூசுகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். உயிரோடு இருந்தவரை பொதுமேடையில் அவர் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மற்றது, ஆளுநராக இருந்தபோது சமமில்லாத தொகுதிகளை ஆதரித்தது. அப்போது ஆழமாக யோசிக்கவில்லை, அரசியலுக்கு வசதியாக இருந்தது, அதனால் சும்மா இருந்துவிட்டேன் என்கிறார். முதல் தவறைத் திருத்த அவர் கையில் எதுவும் இருக்கவில்லை. இரண்டாவதைத் திருத்தியபோது அவருக்கு 73 வயது.

துணைவிதித் திருத்தம் அடுத்த பொதுக்குழுவில் மறுபடி வருகிறது. பி பிளாக் நண்பர்கள் கொடுத்திருக்கும் வரைவின் நகல் அலுவலக அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ஏ பிளாக்கிலிருந்து ஆட்சேபம் எழுதித்தருவதாக நான்தான் பெயர் கொடுத்திருந்தேன். அந்தப் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் செயலாளர் சாரிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது எழுத விரும்பினால் மாதக் கடைசிக்குள் அவரிடம் கொடுக்கலாம்.